எல்லா வாசலிலும் தோரணம்

அலுவலகக் கவுண்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, என்னைப் பற்றி உங்களிடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சரோஜா அக்கா வாயைத் திறந்தால் மூடமாட்டார், கோபம் மூக்கு நுனியில் இருக்கும், மதியம் டீ தாமதமானால் பக்கத்தில் போகாதே. எல்லாம் உண்மைதான். ஆனால் அவர்கள் சொல்லாமல் விட்ட ஒன்றை நானே சொல்லிக்கொள்கிறேன். ஓயாமல் பேசிய இந்த வாயிலிருந்து, நான் வேலையில் இருந்த காலம் முழுக்க, ஒருவருடைய வீட்டு முகவரிகூட வெளியே போனதில்லை. தற்பெருமைதான். ஓய்வு பெற்றவளுக்கு அதுவும் கூடாதென்றால் எப்படி?

நம் அலுவலகத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. வீடு வீடாகப் போய்ச் சிகிச்சை தருகிறவர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் இடம் என்றால் போதும். நடக்க முடியாத பெரியவருக்குக் கால் பயிற்சி கொடுக்க வருகிறவர், பேச்சு வராத பிள்ளைக்குப் பேசப் பழக்க வருகிறவர் என்று பலரும் நம்மிடம்தான் பதிவு செய்கிறார்கள். கதவைத் திறந்து ஒருவரை உள்ளே விடுவதற்கு முன்னால் அவர் நிஜமாகவே லைசென்ஸ் வைத்திருக்கிறாரா என்று பார்க்க மக்களுக்கு உரிமை உண்டு. அதற்காகத்தான் நம் பதிவேடு இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது. அதில் எனக்கு அன்றும் சண்டையில்லை, இன்றும் சண்டையில்லை.

சண்டை ஒரே ஒரு கட்டத்தோடுதான். 'தொழில் முகவரி' என்று ஒரு கட்டம் அதில் இருந்தது. சிராங்கூன் சாலையில் கடைவீட்டு மாடியில் போர்டு மாட்டித் தொழில் செய்தவர்கள் காலத்துக் கட்டம் அது. கிளினிக் வைத்திருப்பவர் கிளினிக் முகவரியைப் போட்டுவிட்டு நிம்மதியாகப் போவார். கிளினிக் இல்லாமல், பையைத் தூக்கிக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் ஏறி இறங்குகிறவர் எதைப் போடுவார்? வீட்டைத்தான் போட்டார். யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை, மேகலா வரும்வரை.

மேகலா என்பது நான் வைத்த பெயர். இந்த விஷயத்தைப் பற்றி எழுதும்போதே நிஜப் பெயரைப் போட்டேன் என்றால் என்னைவிடப் பெரிய முட்டாள் இருக்க முடியாது. அவள் இருக்கும் பேட்டையையும் மாற்றித்தான் சொல்கிறேன், குவீன்ஸ்டவுன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நீளமான தாழ்வாரம் உள்ள பழைய அடுக்குமாடி புளோக் ஒன்றில் மகளோடு இருந்தாள். கணவர் இறந்துவிட்டார். ஸ்பீச் தெரபிஸ்ட் வேலைதான் இரண்டு பேருக்கும் சோறு போட்டது.

ஒரு மத்தியானம் வந்து, தன் வரிசை எண்ணைக் கூப்பிட்டும் எழுந்து வராமல், கூட்டம் குறையும்வரை உட்கார்ந்திருந்தாள். கடைசியில் வந்து, "அக்கா, என் வீட்டு அட்ரஸை எடுத்துடுங்க" என்றாள்.

"எதுலேருந்து?"

"இன்டர்நெட்லேருந்து. லைசென்ஸையே எடுத்தாலும் பரவாயில்ல. அட்ரஸ் மட்டும் அங்க இருக்க வேணாம்."

சோறு போடுகிற லைசென்ஸையே எடுத்துக்கொள் என்று ஒருத்தி சொன்னால், அதற்குமேல் கவுண்டரில் வைத்துப் பேசக்கூடாது. 'மூடப்பட்டது' பலகையை வைத்துவிட்டு அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

அவள் ஒரு சின்னப் பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் போகிற வயதாகியும் பேச்சு வராத பிள்ளை. வாரா வாரம் அந்த வீட்டுக்குப் போய், பொறுமையாக உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக வரவழைத்தாள். பேச்சு வந்த பிள்ளை எதைப் பேசும்? வீட்டில் நடப்பதைப் பேசியது. அப்பா பெல்ட்டால் அடிப்பதைப் பேசியது. மேகலா அதைத் தெரிவிக்க வேண்டிய இடத்தில் தெரிவித்தாள். தாயையும் பிள்ளையையும் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பினார்கள். அவர்கள் பக்கம் போகக்கூடாது என்று நீதிமன்றம் அந்த அப்பனுக்குச் சொல்லிவிட்டது. மனைவியும் பிள்ளையும் எட்டாமல் போனதும், அந்த ஆளின் ஆத்திரம் முழுக்கப் பிள்ளைக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவள் மேல் திரும்பியது.

"உன்னை மிரட்டினாரா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. அவர் கத்தவே மாட்டார். ரொம்ப மரியாதையாப் பேசுவார், அதான் பயமா இருக்கு. பழைய கிளையன்ட் வீட்டுக்கெல்லாம் போய், 'டீச்சருக்கு நன்றி சொல்லணும், எங்க இருக்காங்க?'ன்னு கேட்டுட்டு இருக்காராம்."

எங்கள் இயக்குநர் அப்போது திருவாட்டி டான். அதிகம் பேசமாட்டார், ஆனால் காது கொடுத்துக் கேட்பார். ஏதாவது ஒரு முகவரி பதிவேட்டில் இருந்தே ஆகவேண்டும் என்பது விதி. அதை ஒரே நாளில் தூக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. ஆனாலும் அன்றைக்கே மேகலாவின் யூனிட் எண்ணை, அதாவது கதவு எண்ணை, பதிவேட்டிலிருந்து எடுத்தார். புளோக்கும் தெருவும் மட்டும் மிஞ்சின. அந்தப் புளோக்கில் நூற்றுக்கு மேல் வீடுகள். யூனிட் எண் தெரியாமல் எந்தக் கதவைத் தட்டுவான்? திருவாட்டி டான் அப்படி நினைத்தார், நான் நினைத்தேன், பக்கத்துக் கவுண்டர் வசந்தி நினைத்தாள், மேகலாவே அப்படித்தான் நினைத்தாள். நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

தீபாவளி நெருங்கியது. ஒருநாள் காலையில் ஓர் ஆள் வந்தார். மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை, கையில் தேக்கா கடைத்தெருவில் வாங்கிய இனிப்புப் பெட்டி. தன் முறை வந்தபோது பின்னால் நின்ற வயதான சீன மாதுக்கு வழி விட்டுவிட்டு, அதற்கப்புறம் என்னிடம் வந்தார். கையெடுத்துக் கும்பிட்டு "வணக்கம் அக்கா" என்றார். கவுண்டரில் நம்மைப் பார்த்து யார் வணக்கம் சொல்கிறார்கள்? சொன்னால் உச்சி குளிர்ந்து போகிறதா இல்லையா? எனக்கும் குளிர்ந்தது.

"மேகலான்னு ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் இருக்காங்கக்கா. என் பொண்ணுக்குப் பேச்சு வந்ததே அவங்களாலதான். தீபாவளிக்கு ஸ்வீட் குடுத்து நேர்ல ஒரு நன்றி சொல்லணும். உங்க வெப்சைட்ல புளோக் இருக்கு, யூனிட் நம்பர் இல்ல. அதை மட்டும் பார்த்துச் சொன்னீங்கன்னா போதும்."

யாரென்று புரிந்துவிட்டது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. அவர் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை, பாருங்கள். பேச்சு வந்தது அவளால்தான்.

"நாங்க யார் வீட்டு விவரமும் குடுக்கிறதில்லைங்க. நன்றி சொல்லணும்னா எழுதிக் குடுங்க, அனுப்பி வைக்கிறோம்" என்றேன். மேகலா அங்கே இருக்கிறாள் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லித்தருகிறார்களே, அதே வாக்கியம், அதே தொனி. பதிலைச் சுத்தமாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்குள் ஒரு திருப்திகூட வந்தது.

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "நீங்க உங்க வேலையைச் செய்றீங்க, தப்பில்ல. நான் பார்த்துக்கிறேன். ஒரு புளோக்ல தமிழ் வீட்டைக் கண்டுபிடிக்கிறது என்னக்கா பெரிய கஷ்டம்? வாசல்ல தோரணம் தொங்கும்லா."

சொல்லிவிட்டு, இனிப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு லிஃப்ட் பக்கம் போய்விட்டார்.

அவர் சொன்னது உண்மை. மார்சிலிங்கில் என் வீட்டு வாசலில் துணியில் தைத்த மாவிலைத் தோரணம் வருஷம் முழுக்கத் தொங்குகிறது. என் வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களிடம் நான் யூனிட் எண்ணா சொல்கிறேன்? "லிஃப்டை விட்டு இறங்கினா தோரணம் தெரியும், நேரா வந்துடுங்க" என்றுதான் சொல்கிறேன். வசந்தியும் அப்படித்தான் சொல்வாள். நம் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் வழி சொல்கிறோம். ஒரு மாடியில் தமிழ் வீடு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். கீழேயிருந்து மேலே வரை ஒரு நடை நடந்தால் முடிந்தது. தினமும் அந்தத் தோரணத்தைக் கடந்து வேலைக்கு வருகிற நாங்கள் எல்லாரும் சேர்ந்து எண்ணை மட்டும் மறைத்துவிட்டு, வாசலை அப்படியே விட்டிருந்தோம்.

இப்போது என்ன செய்யவேண்டும்? நடைமுறைப்படி மேலதிகாரியிடம் சொல்லவேண்டும், சம்பவ அறிக்கை எழுதவேண்டும், உத்தரவுக்குக் காத்திருக்கவேண்டும். நான் முதலில் மேகலாவைத்தான் கூப்பிட்டேன். பிள்ளைகளே, இதை மட்டும் உங்கள் தலையில் ஆணி அடித்து வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய வீட்டைத் தேடுகிறார்களோ, முதல் தகவல் அந்த வீட்டுக்காரருக்குப் போகவேண்டும். அறிக்கை எங்கேயும் ஓடிப்போகாது. நடைமுறையை மீறியதற்காக எனக்கு ஏதாவது வந்திருந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொண்டிருப்பேன்.

மேகலா ஏதோ ஒரு வீட்டில் வேலையில் இருந்தாள். பின்னால் ஒரு குழந்தை "மா... மா..." என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"மேகலா, அந்த ஆள் இங்க வந்துட்டு இப்பத்தான் போறார். யூனிட் நம்பர் நான் குடுக்கல. ஆனா தோரணத்தைப் பார்த்துக் கண்டுபிடிச்சிடுவேன்னு சொல்லிட்டுப் போறார்."

குழந்தை இன்னும் சொல்லிக்கொண்டே இருந்தது. பிறகு, "பாப்பா வீட்ல தனியா படிச்சிட்டிருக்காக்கா" என்றாள். பாப்பா என்றது மகளை.

"பக்கத்து வீட்ல யாரு?"

"மாக்சிக் இருக்காங்க." மலாய் அம்மா ஒருவர், அந்த மாடியில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"பாப்பாவை உடனே மாக்சிக் வீட்ல போய் உக்காரச் சொல்லு. நீயும் கிளம்பு. மிச்சத்தை நான் பார்க்கிறேன்."

அதற்குப் பிறகுதான் திருவாட்டி டான் அறைக்கு ஓடினேன். ஏன் முதலில் என்னிடம் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. நான் பேசி முடிப்பதற்குள் போலிசைக் கூப்பிடத் தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டார். போலிஸ் சீக்கிரமே புளோக்குக்குப் போனது. அந்த ஆள் அங்கே இல்லை. அதிகாரிகள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள், உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். முகவரி கேட்பது குற்றமில்லை, இனிப்பு வாங்குவது குற்றமில்லை, அவர் இன்னும் யாரையும் மிரட்டவில்லை. கண் வைத்துக்கொள்கிறோம், முடிந்தால் கொஞ்ச நாள் வேறு இடத்தில் இருங்கள் என்றார்கள்.

அன்று சாயங்காலம் திருவாட்டி டான் அறையில் மேகலா, வசந்தி, நான் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.

"எங்கக்கா போறது? பாப்பாவுக்கு ஓ லெவல் பரீட்சை நடந்துட்டு இருக்கு. அவளோட மேசை, அவளோட புக்ஸ் எல்லாம் அங்கதான் இருக்கு. இந்த நேரத்துல மூட்டையைக் கட்டிட்டு யார் வீட்ல போய் நிக்கிறது?" என்றாள் மேகலா. பிறகு குரலைச் சாதாரணமாக்கிக்கொண்டு, "தோரணத்தைக் கழட்டிடறேன். வாசல்ல லைட் போடல, கோலம் போடல. யார் வீடுன்னே தெரியாத மாதிரி வச்சுக்கிறேன். ஒரு தீபாவளிதானே? மொட்டை வாசலா இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். சொல்லி முடித்ததும் அழுதுவிட்டாள்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். "நீ ஏன்டி கழட்டணும்? நீ என்ன தப்பு செஞ்சே?" என்று கத்தினேன். இயக்குநர் அறை என்பதே மறந்துபோயிற்று.

திருவாட்டி டானுக்குத் தமிழ் தெரியாது. என்ன சண்டை என்று வசந்தியைக் கேட்டார். வசந்தி தோரணம் என்றால் என்ன, அது எங்கே தொங்கும், அதை ஏன் கழற்ற வேண்டியிருக்கிறது என்று சொன்னாள். அதைக் கேட்டு அவர் ஆங்கிலத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்.

"சீனப் புத்தாண்டுக்கு நானும் வாசலில் சிவப்புத் துணி கட்டுவேன். என் மாடியில் முக்கால்வாசி வீட்டில் அதே சிவப்புத் துணி. அதை வைத்து என் வீட்டை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு இருக்கிற வசதி இவருக்கு இல்லை. இந்தத் தோரணம் எங்கே கிடைக்கும்?"

"தேக்காவுல, மூலைக்கு மூலை கிடைக்கும் மேடம்."

"நிறைய கிடைக்குமா?"

"லாரியில ஏத்துற அளவுக்கு" என்றாள் வசந்தி.

"அப்ப போய் வாங்குங்க லா" என்றார் திருவாட்டி டான். அவர் பேச்சில் நம் ஊர் வழக்கான 'லா' வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

நான் எழுந்தே விட்டேன். வசந்திதான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "சரோக்கா, இவங்க மாடியில மட்டும் கட்டுனா, 'இந்த மாடிதான் வாங்க'ன்னு போர்டு வச்ச மாதிரி ஆயிடும். கட்டுனா புளோக் முழுக்கக் கட்டணும்." சரியான பேச்சு. அவளை நான் எவ்வளவோ திட்டியிருக்கிறேன், அன்றைக்கு அவளுக்குச் சுற்றிப்போடவேண்டும் போல இருந்தது.

அதற்கப்புறம் இன்னொரு சிக்கல் இருந்தது. புளோக் முழுக்கத் தோரணம் கட்டவேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் காரணம் சொல்லவேண்டும். காரணம் சொன்னால் மேகலாவின் கதை புளோக் முழுக்கப் பரவும். அவளைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று அவள் கதையை நான் ஊருக்குச் சொன்னால், முகவரியைக் கொடுப்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? அதை அவளிடமே கேட்டேன். இது உன் விஷயம், நீ வேண்டாம் என்றால் வேண்டாம் என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "நானே சொல்றேன்கா. யார்கிட்ட எவ்வளவு சொல்லணும்னு நானே பார்த்துக்கிறேன்." அழுதுகொண்டு வந்த பெண்ணின் குரல் இல்லை அது.

தேக்காவில் தீபாவளிக் கூட்டம் முட்டி மோதியது. இந்தியாவிலிருந்து புதிதாக வந்த ஒருவர்தான் கடையில் நின்றார். மேலே தொங்கியது, உள்ளே கட்டி வைத்தது எல்லாவற்றையும் எடு என்றதும் முழித்தார்.

"என்னக்கா, கல்யாண மண்டபமா, கோயிலா?"

"புளோக்கு."

"புளோக்குக்கேவா கல்யாணம்?" என்று சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுத்தார். மூன்று பெண்களும் மூட்டை தூக்கிக்கொண்டு டாக்சி பிடித்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

மேகலா முதலில் தட்டியது மாக்சிக் வீட்டுக் கதவை. "ஒருத்தர் என்னைத் தேடி வர்றார், நல்லதுக்கு இல்லை. யார் கேட்டாலும் என் வீடு எதுன்னு சொல்லாதீங்க. இதை உங்க வாசல்லயும் கட்டிக்கிறீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மாக்சிக் ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. "கசி லா, கசி" என்று, அதாவது கொடு கொடு என்று, கையை நீட்டி வாங்கிக்கொண்டு, உள்ளே போய் ஸ்டூலை எடுத்துவந்தார். அடுத்த வீட்டுச் சீன அங்கிள் தோரணத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டு அழகாக இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். இலை நுனி கீழே பார்க்கவேண்டும் என்று திருத்தினேன். சீனப் புத்தாண்டுவரை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

எல்லாரும் கட்டவில்லை. ஒரு வீட்டில் எங்கள் நம்பிக்கைக்கு ஒத்துவராது, ஆனால் வாயைத் திறக்கமாட்டோம் என்று மரியாதையாகச் சொன்னார்கள். சில கதவுகள் திறக்கவே இல்லை. அது அவர்கள் வாசல், அவர்கள் இஷ்டம். குடியிருப்பாளர் குழுவில் இருந்த ஓர் அம்மையாரிடம் மேகலா தனியாகப் பேசினாள். அவர் மிச்ச மூட்டைகளைத் தன் ஆட்களிடம் கொடுத்து, தீபாவளி அலங்காரம் என்று சொல்லி, மற்ற மாடிகளுக்கு அனுப்பிவிட்டார். வேலை முடிந்து கீழே கார் நிறுத்துமிடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். மாடிக்கு மாடி பச்சைத் தோரணம். நான் பிறந்து வளர்ந்த ஊர் இது. அன்றைக்கு அதன் மேல் எனக்கு வந்த பெருமையை எந்த தேசிய தின அணிவகுப்பிலும் நான் உணர்ந்ததில்லை.

அந்த ஆள் அங்கே போனாரா இல்லையா என்பது தீபாவளிக்கு முந்தின நாள் தெரிந்தது. அவரே வந்து சொன்னார். இந்த முறை வரிசை எண் எடுக்கவில்லை, யாருக்கும் வழி விடவில்லை. வணக்கமும் இல்லை. நேராக என் கவுண்டர் முன்னால் வந்து நின்றார்.

"என்ன வெளாட்டு இது? அந்தப் புளோக்ல சீனர் வீட்லகூடத் தோரணம் தொங்குது! மலாய்க்காரங்க வீட்ல தொங்குது! யாரைக் கேட்டாலும் தெரியாது தெரியாதுங்கறாங்க!"

வசந்தியின் கை மேசைக்கு அடியில் இருந்த அழைப்பு மணிக்குப் போனதைப் பார்த்தேன். எனக்கு உள்ளே பயம்தான். இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் குரலை நடுங்க விடவில்லை.

"தீபாவளி வருதில்லைங்க" என்றேன்.

அவ்வளவு நாளும் தேன் தடவிப் பேசிய வாய் அங்கேதான் கிழிந்தது. "அவதானே என் பொண்ணுக்குப் பேசக் கத்துக்குடுத்தா? அவ வாயை நான் மூடுறேன். எந்தக் கதவா இருந்தாலும் சரி, ஒவ்வொண்ணா உடைச்சிக்கிட்டு உள்ள போவேன்!"

கூடத்தில் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். மணி அடித்ததும் வெளியே வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்ற திருவாட்டி டானும் கேட்டார். வார்த்தை புரியவில்லை, தொனி புரிந்தது. நான் எழுந்து நின்றேன். "எங்க மேடத்துக்குத் தமிழ் தெரியாது. இப்ப சொன்னதை இன்னொரு தடவை இங்கிலீஷ்ல சொல்றீங்களா?" என்றேன். இந்த மாதிரி நேரத்தில் அப்படிப் பேசலாமா என்று பயிற்சி வகுப்பில் கேட்டால் கூடாது என்றுதான் சொல்வார்கள். நீங்கள் பேசாதீர்கள். நான் பேசினேன்.

அந்த ஆளுக்கு அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. சுற்றிப் பார்த்தார். விருட்டென்று திரும்பிப் போனார். மணி அடித்ததுமே போலிசுக்குத் தகவல் போயிருந்தது; கீழே லிஃப்ட் திறந்தபோது அவர்கள் நின்றிருந்தார்கள். கேட்டவர்களில் பலர் வேலையை விட்டுவிட்டு இருந்து வாக்குமூலம் கொடுத்தார்கள். மேகலாவின் பக்கமே போகக்கூடாது என்று நீதிமன்றம் அந்த ஆளுக்கு உத்தரவு போட்டது. பாப்பா தன் மேசையிலேயே உட்கார்ந்து படித்து, பரீட்சைகள் எல்லாவற்றையும் எழுதி முடித்தாள்.

அத்தோடு விட்டிருந்தால் ஒரு மேகலா தப்பித்ததோடு கதை முடிந்திருக்கும். திருவாட்டி டான் விடவில்லை. விதியை மாற்றச் சொல்லி மேலே எழுதினார், கூட்டத்துக்கு மேல் கூட்டம் போனார். ஒரு கூட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். ஒருவர் மட்டும் புகார் செய்ததற்காக எல்லாருக்கும் ஏன் மாற்றவேண்டும் என்று அங்கே ஒருவர் கேட்டார். திருவாட்டி டான் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தோரணத்தை எடுத்து மேசை மேல் நீளமாக விரித்தார். "ஒவ்வொரு லைசென்ஸ்தாரருக்கும் இதை நாம் வாங்கிக் கொடுக்க முடியுமா?" என்று கேட்டார். எனக்குக் கை தட்டவேண்டும் போல இருந்தது, அடக்கிக்கொண்டேன்.

இன்றைக்கு நீங்கள் திறந்து பார்க்கும் பக்கத்தில் பெயர் இருக்கிறது, லைசென்ஸ் எண் இருக்கிறது, அது செல்லுமா செல்லாதா என்று இருக்கிறது. கடிதம் எழுத விரும்புகிறவருக்கு நம் அலுவலக முகவரி இருக்கிறது. அந்தக் கட்டம் இல்லை. உங்களில் பலர் அப்படி ஒன்று இருந்ததையே இப்போதுதான் கேள்விப்படுவீர்கள். ஒரு காலத்தில் அதைத் திறந்தால் எத்தனையோ பேருடைய படுக்கையறை ஜன்னல்வரை வழி தெரிந்தது. அதை இல்லாமல் ஆக்கியவர்களில் நானும் ஒருத்தி.

உங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். எதையாவது மறைத்து முடித்ததும் திருப்தியாக எழுந்து போய்விடாதீர்கள். ஐந்து நிமிஷம் அந்தத் தேடுகிற ஆளாக உட்கார்ந்து பாருங்கள். இந்த எண் இல்லாவிட்டால் நான் எதைப் பார்த்துப் போவேன் என்று கேளுங்கள். வாசலில் தொங்குவதை, கோயிலில் பார்த்ததை, பள்ளிச் சீருடையை, புளோக்குக்கே உரிய அஞ்சல் குறியீட்டை எல்லாம் நினைத்துப் பாருங்கள். மறைக்கச் சொல்லி வருகிறவரிடமும் அதைக் கேளுங்கள். அவருக்குத்தான் அவருடைய வாசல் தெரியும். இனிப்பாகப் பேசுகிறவர்களைப் பார்த்துப் பயப்படச் சொல்லவில்லை, எல்லாரிடமும் இனிப்பாகவே பேசுங்கள். விவரத்தை மட்டும் கொடுக்காதீர்கள்.

போன தீபாவளிக்கு மேகலா வீட்டுக்கு முறுக்குப் பெட்டியோடு போனேன். அவள் தோரணத்தைக் கழற்றவே இல்லை. அந்தப் புளோக்கும் வழக்கத்தை விடவில்லை. வருஷா வருஷம் தீபாவளி வந்தால் எல்லாரும் கட்டிக்கொள்கிறார்கள். ஏன் ஆரம்பித்தது என்று புதிதாகக் குடிவந்தவர்களுக்குத் தெரியாது, யாரும் சொல்வதும் இல்லை. சீன அங்கிள் வீட்டில் இப்போது சின்ன விளக்குகூட வைத்திருக்கிறார்கள் என்று மேகலா சொல்லியிருந்தாள்.

லிஃப்டை விட்டு இறங்கினேன். அந்த நீளத் தாழ்வாரத்தில் கண்ணுக்கு எட்டியவரை ஒரே மாதிரிக் கதவு, ஒரே மாதிரித் தோரணம். அவள் யூனிட் எண்ணை நான் என்றைக்குமே மனதில் ஏற்றிக்கொண்டதில்லை. யாருடைய எண்ணையும் ஏற்றிக்கொள்வதில்லை, அது என் தொழில் பழக்கம். கொஞ்ச தூரம் நடந்தேன், திரும்பி வந்தேன். கடைசியில் கைப்பேசியில் அவளைக் கூப்பிட்டேன்.

"அக்கா, எங்க இருக்கீங்க? டீ ஆறிடும் வாங்க."

"உன் மாடியிலதான்டி நிக்கறேன்."

"அப்புறம் என்னக்கா? வாங்க."

"எது உன் வீடுன்னு தெரியலடி" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பு கைப்பேசியிலும் கேட்டது, தாழ்வாரத்தில் எங்கேயோ ஒரு கதவுக்குப் பின்னாலும் கேட்டது. எந்தக் கதவு திறக்கப்போகிறது என்று தெரியாமல் முறுக்குப் பெட்டியோடு நடுவில் நின்றேன். ஓய்வு பெற்ற அன்று எனக்குச் சால்வை போட்டு, படம் எடுத்து, என்னென்னவோ சொன்னார்கள். அதெல்லாம் இதற்குப் பக்கத்தில் வராது.